உங்கள் கவிதைகளை வைத்து ஒரு புதிர் விளையாட்டு: தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எழுதி வைத்த கவிதைகளும் கதைகளும் கோப்புறையில் தூங்குகின்றன. எங்காவது பகிர்ந்தாலும் ஒரு விருப்பக்குறியைப் போட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஒரு புதிரைக் கையில் கொடுத்தால் கொஞ்ச நேரமாவது நிற்பார்கள், நின்றால் படிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பில்லை. செய்து முடிக்கத்தான் பதினான்கு மாதம் ஆனது, அதில் பாதிக்கு மேல் வீண். நான் நிரலாளன் இல்லை. ஒவ்வொரு குழியிலும் விழுந்துதான் அது குழி என்று தெரிந்துகொண்டேன். உங்களுக்கு நாலைந்து மாதம் போதும். நான் விழுந்த இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

உலாவியில் ஓடும், தனி ஆளாகச் செய்யக்கூடிய சின்ன விளையாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒருவர் உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்தில் முடிக்கக்கூடியது.

1. எதைக் காட்டப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் நாற்பது கவிதைகளோடு ஆரம்பித்தேன். வெளியிட்டபோது உள்ளே இருந்தவை ஒன்பது கவிதைகளும் இரண்டு சிறுகதைகளும்தான். மீதிக்குச் செய்த புதிர்களெல்லாம் குப்பைக்குப் போயின. மூன்று மாத வேலை!

எட்டு முதல் பன்னிரண்டு படைப்புகள் போதும். நல்லவை எவை என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தக் கவிதைக்குள் ஒரு செயலோ, பொருளோ, இடமோ இருக்கிறது என்று பாருங்கள். கதவு, விளக்கு, படிக்கட்டு, கடிதம், காத்திருத்தல் இருக்கிற கவிதையில் புதிருக்கு இடம் கிடைக்கும். வெறும் உணர்ச்சியை மட்டும் சொல்லும் கவிதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் விளையாட்டில் சுவரொட்டி மாதிரி நிற்கும். எனக்கு மிகப் பிடித்த இரண்டை இதற்காகவே வெளியே வைத்தேன். மனம் கேட்கவில்லை, ஆனாலும் வைத்தேன்.

2. உரிமை விஷயத்தை இப்போதே முடித்துவிடுங்கள்

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் நினைத்தேன். கடைசியில்தான் அது கழுத்தைப் பிடித்தது.

உங்கள் கவிதையின் பதிப்புரிமை உங்களுடையது. பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் எழுதிய உடனேயே அது வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் ஏற்கெனவே இதழிலோ தொகுப்பிலோ வந்த படைப்பு என்றால், அப்போது எதற்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று தேடிப் பாருங்கள். மின்வடிவ உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். எனக்கு ஒரு கதை அப்படித்தான் மாட்டியது. கேட்டு எழுதினேன், ஒரு வரிப் பதிலுக்கு ஏழு வாரம் காத்திருந்தேன். அந்த மின்னஞ்சலைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். நீங்களும் வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் உண்டு. எங்கும் வராத கவிதையை விளையாட்டில் போட்டுப் பொதுவில் வைத்துவிட்டால், பல இதழ்களும் போட்டிகளும் அதை ‘முன்பே வெளியான படைப்பு’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். எங்காவது அனுப்ப நினைத்திருக்கும் கவிதையை இதில் சேர்க்காதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்:

- முன்பு வெளியான ஒவ்வொரு படைப்புக்கும் அனுமதிக் கடிதம் அல்லது மின்னஞ்சல்.
- படம் வரைந்தவர், குரல் கொடுத்தவர் ஆகியோரின் எழுத்துமூல ஒப்புதல். நண்பராக இருந்தாலும் வாங்குங்கள். நாளை விளையாட்டுக்கு விலை வைத்தால் என்ன என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.
- இணையத்தில் எடுத்த இசை, படம் ஒவ்வொன்றின் உரிமத்தையும், எடுத்த நாளையும், எடுத்த பக்கத்தையும் குறித்த ஒரு பட்டியல்.

மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘சிசி0’ என்றால் கவலையே இல்லை. ‘பிஒய்’ என்றால் படைத்தவர் பெயரைப் போட வேண்டும். ‘என்சி’ என்று இருந்தால் வணிகப் பயன்பாட்டுக்குக் கூடாது. ‘என்டி’ என்றால் வெட்டி ஒட்டி மாற்றியதை வெளியிட முடியாது, அதனால் விளையாட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

3. மூலப் பிரதியைச் சுத்தம் செய்யுங்கள்

இந்த வேலை சலிப்பாகத்தான் இருக்கும். தாண்டிப்போனால் பிறகு அழ வேண்டியிருக்கும்.

பத்துப் பதினைந்து வருடம் முன்பு தட்டச்சு செய்த கவிதைகள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களிலோ, தகுதரம் (டிஸ்கி) என்ற பழைய குறியாக்கத்திலோ இருக்கலாம். அவற்றை இன்று எல்லாரும் பயன்படுத்தும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் படியுங்கள். மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிவிடுவது உண்டு.

ஒருங்குறியிலேயே அடித்திருந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். என் மூன்றாவது கவிதையின் உயிர்ச்சொல் ‘மௌனம்’. அதை எழுத்து எழுத்தாகப் பிரித்து, மூன்று கட்டைகளாகக் கலைத்துப் போட வேண்டும்: மௌ, ன, ம். திரையில் நான்கு கட்டைகள் வந்தன: மெ, ள, ன, ம். இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். பிழை நிரலில் இல்லை. பல வருடம் முன்பு நான் ஔகாரக் குறியை அடிக்காமல், எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து அடித்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘ஔ’ என்பதை ‘ஒ’வும் ‘ள’வுமாக அடிப்பதும் இதே கதைதான்.

எல்லாக் கோப்புகளிலும் ‘ெ’ குறிக்குப் பின் ‘ள’ வரும் இடங்களைத் தேடுங்கள். மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ‘கெளுத்தி’யும் ‘தெளிவு’ம் ‘வெள்ளம்’உம் சரியான சொற்கள், அவற்றையும் சேர்த்துக் கெடுத்துவிடுவீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். இணையத்திலிருந்து வெட்டி ஒட்டிய வரிகளில் எழுத்துகளை இணைக்கவோ பிரிக்கவோ போடும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறியீடுகளும் ஒட்டிக்கொண்டு வரும். எளிய உரைத் திருத்தியில் தேடி அவற்றையும் நீக்குங்கள்.

4. கவிதையைப் பூட்டி வைக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான்: புதிரை விடுவித்தால் கவிதை பரிசு. நானும் அப்படியே செய்தேன். என்னுடைய சிறந்த கவிதையை ஆகக் கடினமான புதிருக்குப் பின்னால் வைத்தேன், அருமையான பரிசு என்ற நினைப்பில். முதல் வடிவத்தை ஒன்பது பேருக்குக் கொடுத்தேன். அந்தக் கவிதையை ஒருவரும் பார்க்கவில்லை. நான்கு பேர் அங்கேயே விட்டுவிட்டார்கள், மற்றவர்கள் அதற்கும் முன்பே. மற்ற கவிதைகளும் பரிசாகவா படிக்கப்பட்டன? இல்லை. புதிரை முடித்த வேகத்தில் ‘அடுத்து’ பொத்தானைத்தான் அழுத்தினார்கள். கவிதை, அடுத்த புதிருக்கு முன்னால் வரும் அறிவிப்பாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தலைகீழாக யோசித்தேன். புதிரை விடுவிக்கும் செயலே அந்தக் கவிதையைப் படிப்பதாக இருக்க வேண்டும். ஒரு உதாரணம். என் கவிதைகளில் சின்னது இது:

விளக்கை அணைத்தேன்
நிழல் போய்விட்டது
கதவைச் சாத்தினேன்
போகவில்லை குரல்

முதல் வடிவத்தில் இதை வரிகளைக் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லியிருந்தேன். என் தோழி கதவையும் குரலையும் முன்னால் வைத்து, விளக்கையும் நிழலையும் பின்னால் வைத்தாள். விளையாட்டு ‘தவறு’ என்றது. “இதுல என்ன தப்பு?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இன்னொருவர் ‘விளக்கை அணைத்தேன், போகவில்லை குரல்’ என்று சேர்த்திருந்தார். என் வரியைவிட அதுதான் நன்றாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

தமிழில் சொற்களும் வரிகளும் இடம் மாறினாலும் பொருள் நிற்கும். அதனால் வரி அடுக்கும் புதிர் நம் மொழியில் பெரும்பாலும் பொய்ப் புதிர், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருந்துகொண்டே இருக்கும். எதுகையோ மோனையோ கட்டுப்படுத்தும் மரபுக்கவிதை என்றால் பரவாயில்லை, அந்தத் தொடையே குறிப்பாக வேலை செய்யும். புதுக்கவிதைக்கு வேண்டாம்.

இப்போது இந்தக் கவிதைக்கென்று விளையாட்டில் ஓர் அறை, அது இப்படி இருக்கிறது. விளக்கு எரிகிறது, சுவரில் ஓர் ஆளின் நிழல். கதவு திறந்திருக்கிறது. கவிதை எங்கும் இல்லை. விளையாடுபவர் நிழலைத் தட்டுகிறார், ஒன்றும் நடக்காது. விளக்கைத் தட்டினால் அறை இருள்கிறது, நிழல் இருந்த இடத்தில் மங்கலாகச் சில எழுத்துகள். கதவைச் சாத்தினால் வெளியிலிருந்து வரும் வெளிச்சக் கீற்றும் போய், அந்த எழுத்துகள் தெளிவாகின்றன: குரல். அதைத் தொட்டால் நான்கு வரிகளும் வருகின்றன. தன் கை இப்போது என்ன செய்ததோ அதையே அவர் படிக்கிறார். இந்த அறையில் யாரும் ‘அடுத்து’ பொத்தானை அவசரமாக அழுத்தவில்லை. நான்கு வரிக் கவிதைக்கு ஒரு நிமிடம் நின்றார்கள்.

அறைகளை இணைப்பதற்கு எனக்குக் கைகொடுத்தது அந்தாதி. ஒரு கவிதையின் கடைசிச் சொல்தான் அடுத்த கவிதையின் முதல் சொல். ‘குரல்’ என்று முடிந்தால், ‘குரல்’ என்று எழுதிய கதவைத் தேடிப் போக வேண்டும். விளையாடுபவருக்கு இதைச் சொல்லவே இல்லை. இரண்டாவது அறையில் தாமாகவே பிடித்துக்கொள்கிறார்கள், பிடித்துக்கொண்ட பிறகு ஒவ்வொரு கவிதையின் கடைசி வரியையும் தவறாமல் படிக்கிறார்கள்! சங்கிலி சேர வேண்டும் என்பதற்காக ஒரு கவிதையின் முடிவை மாற்றி எழுதினேன். கவிதை கெட்டுப்போனது. பழையபடி திருப்பி வைத்துவிட்டு, நடுவில் இணைக்க ஒரு சின்ன உரைநடைக் குறிப்பைப் போட்டேன். புதிருக்காகக் கவிதையை வளைக்காதீர்கள்.

5. முதலில் காகிதத்தில் விளையாடிப் பாருங்கள்

ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள். பொருள்களைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மேலே வையுங்கள். எதிரில் ஒருவரை உட்காரவைத்து, “எதைத் தொடுகிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் தொட்டால் அடுத்த துண்டை வையுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

மூன்று வாரம் இதற்கு ஒதுக்குங்கள். கணினியில் ஒரு புதிரை மாற்ற எனக்கு இரண்டு இரவுகள் ஆனது, காகிதத்தில் கத்தரிக்கோல் வேலை மட்டும்தான்.

6. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

எழுத்தை மையமாகக் கொண்ட விளையாட்டுக்கு டுவைன் என்ற மென்பொருள் போதும். இலவசம், கட்டற்றது, முடிவில் உலாவியில் திறக்கும் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பைக் கொடுக்கும். காட்சிப் பகுதியை உலாவியே பார்த்துக்கொள்வதால் தமிழ் எழுத்துகள் உடையாமல் வரும். டுவைனுக்குள் கதை வடிவங்கள் என்று சில உண்டு, விளையாட்டை எந்தக் கட்டளைகளில் எழுதுவது என்பதை அவைதான் தீர்மானிக்கும். முதலில் திறக்கும்போது ஹார்லோ என்ற வடிவம் இருக்கும். எழுத்துகளைப் பிரிக்க, ஒப்பிட ஜாவாஸ்கிரிப்ட் (உலாவியில் ஓடும் நிரல்மொழி) சேர்க்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் ஆரம்பத்திலேயே சுகர்கியூப் என்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் மாறினால் எல்லாப் பத்திகளையும் திருத்த வேண்டும். நான் பாதியில் மாறினேன்.

படங்கள் நகர வேண்டும், பொருள்களை இழுத்துப் போட வேண்டும் என்றால் கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள். அதுவும் இலவசம். 4ஆம் பதிப்பு முதல் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கிக் காட்டுகிறது. பழைய 3ஆம் பதிப்புக்கான பாடங்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். வேறு எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் நாளே ஒரு சோதனை வையுங்கள்: ‘கொடுமையோடு பௌர்ணமி’ என்று அடித்துத் திரையில் வரவையுங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் அந்தக் கருவியை மூடிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டுவைனை உலாவியிலேயே பயன்படுத்தினால் உங்கள் வேலை முழுவதும் அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். உலாவித் தரவை அழித்தால் அதுவும் போகும். நான் ஒரு மதியம் கணினி மெதுவாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் துடைத்தேன். ஆறு அறைகள் போயின. கணினியில் நிறுவும் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒவ்வொரு நாள் முடிவிலும் காப்புக் கோப்பு ஒன்றை எடுத்து, நாளைப் பெயராக வைத்து, வேறு இடத்தில் போடுங்கள்.

7. எழுத்தை உடைக்காமல் கையாளுங்கள்

கணினிக்கு ‘தமிழ்’ என்பது மூன்று எழுத்து இல்லை, ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நீளம் கேட்டால் ஐந்து என்றுதான் சொல்லும். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் புள்ளியும் குறியும் தனித்தனியாகப் பிரிந்து புள்ளிவட்டத்தோடு தொங்கும். ‘விகடகவி’ இருபுறமும் ஒன்றா என்று குறியீட்டுக் கணக்கில் சோதித்தால் இல்லை என்று வரும். வி, க, ட, க, வி என்று எழுத்துக் கணக்கில் சோதித்தால்தான் ஆம் என்று வரும்.

இப்போதைய உலாவிகள் எல்லாவற்றிலும் ‘இன்டல் செக்மென்டர்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி இருக்கிறது. தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்துத் தரும். பயர்பாக்ஸில் இது 2024இல்தான் வந்தது, பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு வேலை செய்யாது. பைத்தான் என்ற நிரல்மொழியில் செய்வதென்றால் ‘ஓப்பன் தமிழ்’ நூலகம் இருக்கிறது. ‘க்ஷ’வை மட்டும் ஒரு எழுத்தாக எண்ணுவதா இரண்டாகவா என்று நீங்களே முடிவு செய்து, விளையாட்டு முழுக்க ஒரே மாதிரி வையுங்கள். நான் அந்த எழுத்து வரும் சொற்களையே தவிர்த்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான், ஆனால் நிம்மதி.

எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவதுபோல் காட்டும் அலங்காரம் எல்லாருக்கும் பிடிக்கும். குறியீட்டுக் கணக்கில் செய்தால் ‘அம்மா’ என்பது அ, அம, அம், அம்ம, அம்மா என்று துடித்துத் துடித்து வரும். எழுத்துக் கணக்கில் செய்யுங்கள். இல்லையென்றால் வரி வரியாக மெல்லத் தோன்றவையுங்கள், கவிதைக்கு அதுதான் பொருத்தம்.

விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். தமிழ் படிக்கத் தெரிந்த பலருடைய கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை இருப்பதில்லை. இருந்தாலும் ஒருவர் ‘மழைக்காலம்’ என்பார், இன்னொருவர் ஒற்று இல்லாமல் ‘மழைகாலம்’ என்பார், மூன்றாமவர் இடைவெளி விடுவார். எழுத்துக் கட்டைகளைத் தொட்டு அடுக்கும்படி வைத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. தட்டச்சு தவிர்க்கவே முடியாது என்றால், வந்த விடையையும் உங்கள் விடையையும் என்எஃப்சி முறையில் (ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் ஒருங்குறி முறை) இயல்பாக்கி, இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள். ‘கொ’வைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்திருந்தால் அது சரிசெய்துவிடும். ஆனால் மேலே சொன்ன ‘மெளனம்’ சிக்கலை அது தீர்க்காது. அதற்கு மாற்று விடைகளின் பட்டியல் ஒன்றுதான் வழி.

எழுத்துரு: நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை மூன்றும் ஓஎஃப்எல் என்ற திறந்த எழுத்துரு உரிமத்தில் இலவசம். விளையாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், விளையாட்டை விற்கவும் செய்யலாம். கண்ட இடத்தில் பதிவிறக்கிய எழுத்துரு வேண்டாம். வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் 1.6 மடங்காவது வையுங்கள், இல்லையென்றால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் ஈகார வளைவும் இடித்துக்கொள்ளும்.

கைப்பேசியின் அகலத்தை மறந்துவிடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ‘நினைத்துக்கொண்டிருந்தவளிடம்’ போன்ற ஒரு சொல்லே அரைத் திரையை அடைத்துவிடும். வரி மடங்கினால் கவிதையின் வரிப்பிரிப்பு போச்சு. மடங்கிய பகுதி உள்தள்ளி வரும்படி அமைத்தால் அது புதிய வரி இல்லை என்று வாசகருக்குப் புரியும். கவிதையைப் படமாக மட்டும் போட்டுவிடாதீர்கள், திரைவாசிப்பான் பயன்படுத்துகிறவர்களுக்கு அது வெற்றுத் திரை.

8. கதைகளை என்ன செய்வது?

ஐந்து பக்கக் கதையைப் புதிருக்கு நடுவில் வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். நான் ஒரு கதையை ஏழு கடிதங்களாகப் பிரித்து அறைகளில் போட்டேன். கடிதத்தில் இருக்கும் ஒரு விவரம், உதாரணமாக எந்த இழுப்பறை என்பது, அடுத்த அறைக்குத் தேவைப்படும். ஒரு துண்டு 120 சொற்களைத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். இரண்டாவது கதையைப் பிரிக்க முடியவில்லை. அதை முடிவுக்குப் பிறகு முழுதாக, புதிர் எதுவும் இல்லாமல் வைத்தேன். கடைசிவரை வந்தவர்கள் படித்தார்கள்.

படித்தவை எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க ‘ஏடு’ என்று ஒரு பக்கம் கட்டாயம் வேண்டும்.

9. சோதனை

ஆறு பேர் போதும். அதில் இரண்டு பேர் கவிதையே படிக்காதவர்களாகவும், இரண்டு பேர் விளையாட்டே விளையாடாதவர்களாகவும் இருக்கட்டும். ஒரு ஆளை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும், இரண்டாம் முறை விடை தெரிந்துவிடும். அதனால் எல்லாரையும் ஒரே வாரத்தில் செலவழித்துவிடாதீர்கள். மூன்று பேர், திருத்தம், அப்புறம் மூன்று பேர்.

மூன்று நிமிடத்துக்கு மேல் திணறினால் அங்கே குறிப்பு வேண்டும். குறிப்பை மூன்று படியாக வையுங்கள்: எங்கே பார்ப்பது, என்ன செய்வது, விடையே என்ன. விடையைக் காட்டுவதில் கௌரவம் பார்க்காதீர்கள். அவர் கவிதையைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிறத்தை மட்டும், ஒலியை மட்டும் குறிப்பாக வைக்காதீர்கள். பாதிப் பேர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் விளையாடுகிறார்கள். உலாவிகளும் விளையாடுபவர் ஒருமுறை திரையைத் தொடும்வரை ஒலியைத் தடுத்து வைப்பது வழக்கம். அதனால் முதலில் ‘தொடங்கு’ என்ற பொத்தானுள்ள திரை ஒன்றை வையுங்கள். ஏன் இசை வரவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

10. வெளியிடுவது: செலவு, தாள், காலம்

இலவசமாகக் கொடுப்பதென்றால் தனி ஆட்கள் விளையாட்டு வெளியிடும் இட்ச்.ஐஓ தளம் போதும். கணக்குக்கும் பதிவேற்றத்துக்கும் கட்டணம் இல்லை. கோப்புகளை ஒரே ஜிப் கோப்பாகக் கட்ட வேண்டும், முதன்மைக் கோப்பின் பெயர் ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ என்று இருக்க வேண்டும். கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். உங்கள் கணினி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகப் பார்த்தாலும் அங்கே வேறு வேறாகப் பார்க்கும், படங்கள் காணாமல் போகும். எல்லாம் தயாராக இருந்தால் அரை மணி நேர வேலை.

விலை வைத்தால் கதையே வேறு. பணம் அவர்கள் வழியாக வர வேண்டுமென்றால் வரி விவரம் கேட்பார்கள். அமெரிக்கர் அல்லாத தனிநபருக்கு அது டபிள்யூ-8பென் என்ற படிவம். அங்கே எழுத்தாளர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, புனைபெயர்! படிவத்திலும் வங்கிக் கணக்கிலும் அடையாளச் சான்றிலும் உங்கள் சட்டப்பூர்வப் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். புனைபெயரை விளையாட்டின் பக்கத்தில் மட்டும் காட்டுங்கள். நான் ஒரு தளத்தில் புனைபெயரில் கணக்குத் திறந்துவிட்டு, மாற்றுவதற்கு மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து நடத்தினேன்.

மற்ற இடங்களின் கணக்கு இது:

- ஸ்டீம் (கணினி விளையாட்டுக் கடை): ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் அது திரும்பக் கிடைக்கும். கட்டணம் கட்டிய நாளிலிருந்து வெளியிட 30 நாள் காத்திருக்க வேண்டும், ‘விரைவில்’ என்ற பக்கமும் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருந்தாக வேண்டும்.
- கூகுள் பிளே: ஒரே முறை 25 டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர்க் கணக்கு என்றால், வெளியிட விண்ணப்பிக்கும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் பார்க்கும் சோதனை) சேர்ந்திருக்க வேண்டும். சோதனையாளர்களைச் செலவழிக்காதீர்கள் என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.
- ஆப்பிள்: ஆண்டுக்கு 99 டாலர். கட்டுவதை நிறுத்தினால் விளையாட்டும் கடையிலிருந்து இறங்கிவிடும். ஒன்பது கவிதைகளுக்கு இது தேவையா என்று யோசியுங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

என் மொத்தச் செலவு, படம் வரைந்துகொடுத்தவருக்குக் கொடுத்த தொகை மட்டுமே. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை, பணம் கட்டும் நாளில் அந்தந்தத் தளத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலக் கணக்கு, தினமும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்: தேர்வும் சுத்தமும் மூன்று வாரம், காகிதம் மூன்று வாரம், கட்டுவது எட்டு வாரம், சோதனையும் திருத்தமும் நான்கு வாரம். அனுமதிக் கடிதங்களை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். அவை தம்பாட்டுக்கு வந்து சேரட்டும்.

11. வெளியிட்ட பிறகு

முதல் பத்து நாள் திருத்தத்துக்கென்றே ஒதுக்கி வையுங்கள். விளையாட்டுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி திறந்து முதல் திரையிலேயே போடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் மூலையில் சின்னதாக ஓர் எண் இருந்தால், எங்கே மாட்டிக்கொண்டார் என்று அவர் சொல்வதும் சுலபம். எனக்கு வந்த முதல் கடிதமே “அந்த இருட்டு ரூமில் இருக்கேன், வெளியே எப்படி வர்றது?” என்றுதான் இருந்தது. என் விளையாட்டில் நான்கு இருட்டு அறைகள். எண்களை அன்றிரவே போட்டேன்.